கட்டடத்தின் மேல் படம்: திறந்தவெளி ப்ரொஜெக்ஷன் கலைக்கு அமைப்பு வடிவமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடம், பாலம், தண்ணீர்த்தொட்டி, பழைய மில் சுவர் என்று ஊரில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒன்றின் மேல் அசையும் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு கலைப்படைப்பை நிறுவ நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் கலைஞர்கள் உண்டு, கட்டடக்கலை மாணவர்கள் உண்டு, விழாக் குழுவினரும் நகராட்சிப் பொறியாளர்களும் உண்டு. கணக்கு வரும் இடங்களில் ஒரே சுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: 20 மீட்டர் அகலம், 12.5 மீட்டர் உயரம், மொத்தம் 250 சதுர மீட்டர். உங்கள் சுவரின் அளவைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

லைட் அண்ட் சவுண்ட் ஷோவும் இதுவும் ஒன்றுதானே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. லைட் அண்ட் சவுண்ட் என்ற வடிவம் 1952இல் பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் பால் ராபர்ட்-ஊதேன் நடத்திய நிகழ்ச்சியிலிருந்து பரவியது. டெல்லி செங்கோட்டைக்கு அது 1965இல் வந்தது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கே கட்டடம் தன் பாட்டுக்கு நிற்கும். வண்ண விளக்குகள் ஒவ்வொரு பகுதியாகக் காட்ட, ஒரு குரல் கதை சொல்லும். ப்ரொஜெக்ஷன் கலையில் கட்டடமே படத்துக்குள் வந்துவிடுகிறது. ஜன்னல், தூண், விளிம்பு எல்லாம் படத்தின் உறுப்புகளாகிவிடும்.

இந்தக் கலை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது போலந்தில் பிறந்த கலைஞர் க்ரிஸ்டோஃப் வொடிச்கோவின் வேலைகளைத்தான். 1998இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 67 மீட்டர் உயரமுள்ள பங்க்கர் ஹில் நினைவுத்தூணின் மேல், அதைச் சுற்றியுள்ள சார்ல்ஸ்டவுன் பகுதி மக்களின் உருவங்களைப் படமாக விழச் செய்தார். பிள்ளைகளைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தக் கருங்கல் தூணாகவே நின்று பேசினார்கள். அடுத்த ஆண்டு ஹிரோஷிமாவில், அணுகுண்டு வீழ்ந்த இடத்தின் குவிமாடக் கட்டடத்துக்குக் கீழே ஆற்றங்கரைச் சுவரில், உயிர் பிழைத்தவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன, குரல்கள் மட்டும் கேட்டன. இரண்டிலும் படம் விழும் இடத்தின் வடிவமும் பேச்சு தெளிவாகக் கேட்பதும்தான் உயிர்நாடி. எந்தக் கருவி, எங்கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற கேள்விகள்.

எத்தனை லூமன்ஸ் ப்ரொஜெக்டர் வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் திருப்பிக் கேட்பது, அந்தச் சுவரில் இப்போது எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று.

கணக்கு எளிது. லூமன்ஸ் என்பது ப்ரொஜெக்டர் வெளிவிடும் மொத்த ஒளி. அதைச் சுவரின் பரப்பால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். 20,000 லூமன்ஸ் கருவியை 250 சதுர மீட்டரில் விரித்தால் காகிதத்தில் 80 லக்ஸ். ஆனால் கட்டடம் படத்தின் சட்டத்தை முழுக்க நிரப்பாது, லென்ஸ் கொஞ்சம் தின்னும், கருவி பழசாகும்போது ஒளி குறையும். அதனால் கால் பங்கைக் கழித்துவிட்டு 60 லக்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருட்டின் பக்கம் வருவோம். ப்ரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது. படத்தில் கறுப்பு என்று தெரிவது, படமே விழாதபோது அந்தச் சுவர் எப்படி இருக்கிறதோ அதுதான். தெருவிளக்கும் எதிர்க்கடை விளம்பரப் பலகையும் சேர்ந்து சுவரில் 10 லக்ஸ் விழுந்தால், வெள்ளைக்கும் கறுப்புக்குமான விகிதம் 70க்கு 10, அதாவது 7:1. உள்ளரங்கத் திரைகளுக்கான அமெரிக்கத் தர வரையறை, சும்மா பார்த்துப் புரிந்துகொள்ள 7:1 போதும் என்கிறது. நல்ல வீடியோ அனுபவத்துக்கு 80:1 கேட்கிறது. 7:1இல் எழுத்தைப் படிக்கலாம், ஆனால் முகத்தில் உணர்ச்சி தெரியாது.

சரி, இன்னொரு ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து இரண்டின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்? 130க்கு 10, அதாவது 13:1. வாடகை, மின்சாரம், சாரம் எல்லாம் இரட்டிப்பாகி, கிடைத்தது இவ்வளவுதான். மாறாக ஒரே ப்ரொஜெக்டரை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள விளக்குகளை அணைத்தும் மறைத்தும் சுவர் வெளிச்சத்தை 2 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் 62க்கு 2, அதாவது 31:1. கருவறையில் ஒரு சின்ன எண்ணெய் விளக்கில் மூலவர் தெளிவாகத் தெரிவது சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான். பட்ஜெட் தாளில் ப்ரொஜெக்டருக்கு முன்னால் இருட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இதற்கு ஒரு பெரிய சான்று கனடாவில் இருக்கிறது. கியூபெக் நகரம் உருவாகி 400 ஆண்டு ஆனதைக் கொண்டாட, 2008இல் நாடக இயக்குநர் ராபர்ட் லெபாஜும் அவருடைய எக்ஸ் மாஷினா குழுவும் பழைய துறைமுகத்தின் 81 தானியக் குதிர்களைத் திரையாக்கினார்கள். 600 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம், 27 ப்ரொஜெக்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு ப்ரொஜெக்டருக்குச் சராசரியாகச் சுமார் 670 சதுர மீட்டர் வருகிறது, நம் உதாரணச் சுவரைப் போல இரண்டரை மடங்கு. துறைமுகத்தின் இருட்டும், தண்ணீருக்கு இக்கரையிலிருந்து பார்க்கும் தூரமும் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது.

தெருவிளக்கை அணைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

கேட்பார்கள், முன்னாலேயே போய்ப் பேசினால். கடைசி வாரத்தில் போய் நின்றால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. மாநகராட்சி அல்லது நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவு, உள்ளூர்க் காவல் நிலையம், பக்கத்துக் கடைக்காரர்கள் மூவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லாதீர்கள். எந்தக் கம்பம் சுவரைத் தொடுகிறது என்று பார்த்து அந்தக் கம்பங்களை மட்டும் கேளுங்கள். பல விளக்குகளுக்குச் சுவர்ப் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு வைத்தாலே போதும், சாலைக்கு வெளிச்சம் அப்படியே இருக்கும்.

மக்கள் நடக்கும் பாதையை இருட்டாக விடவே கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையை மட்டும் பார்க்கும் மங்கலான விளக்குகளை நீங்களே வைத்துவிடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் வருகிற இடம் அது. படத்தின் தரத்துக்காக ஒருவர் கால் இடறி விழக்கூடாது.

அளப்பதற்கு ஒரு லக்ஸ் மீட்டர் போதும். நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில், கருவியைச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக, வெளிப்பக்கம் பார்த்தபடி பிடித்து அளக்க வேண்டும். தரையில் கிடைமட்டமாக வைத்து அளந்தால் வருவது சாலைக் கணக்கு, அது நமக்கு உதவாது.

எந்த மாதிரிச் சுவர் நன்றாக இருக்கும்?

சுண்ணாம்பு அடித்த பழைய சுவருக்கு ஈடில்லை. விழும் ஒளியில் முக்கால் பங்கு வரை திருப்பித் தரும், மினுமினுப்பும் இருக்காது. செங்கல் கால் பங்கு தரும். கருங்கல் அதைவிடக் குறைவு. அதே 60 லக்ஸ், சுண்ணாம்புச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கேண்டலா வெளிச்சமாகத் தெரியும், கறுத்த கல்லில் 3 தான். திரையரங்கத் திரையின் தர அளவு 48. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெளியே 10, 15 இருந்தாலே நிறைவாக இருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். சிவப்புக் கல் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். அங்கே நீலக் கடலைக் காட்ட முயன்றால் சேற்று நிறம்தான் வரும். கண்ணாடிக் கட்டடம் வேண்டவே வேண்டாம். ஒளி உள்ளே போய்விடும், மிச்சம் வேறு திசையில் தெறிக்கும். சிட்னி ஒபேரா ஹவுஸின் கூரை இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் செய்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளை, பாலாடை நிற ஓடுகள் போர்த்திய பிரமாண்டமான வளைவு அது. 2009இல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தன் ஓவியங்களை அதன்மேல் ஒளியாகப் படரவிட்டதோடுதான் விவிட் சிட்னி என்ற ஒளி விழா தொடங்கியது.

சுவருக்குப் பின்னால் யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். குடியிருப்பு ஜன்னல்களை மாஸ்க் போட்டு, அதாவது படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக்கி, விலக்கலாம். ஆனால் ப்ரொஜெக்டரின் கறுப்பிலும் கொஞ்சம் ஒளி கசியும். நோயாளியோ கைக்குழந்தையோ தூங்குகிற அறை என்றால் வேறு சுவர் தேடுவதுதான் சரி.

ப்ரொஜெக்டரை எங்கே வைப்பது?

படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் லென்ஸின் த்ரோ ரேஷியோ. அதைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் தூரம் வரும். 1.5 லென்ஸ், 20 மீட்டர் படம் என்றால் 30 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அந்த 30 மீட்டர் பெரும்பாலும் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மொட்டை மாடியாக இருக்கும். மாடி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை: உயரம் இலவசம், கூட்டத்தின் நிழல் படாது, திருட்டுப் பயம் குறைவு. மாடிக்காரர்கள் இரவு பதினொரு மணிக்கும் படியேற விடுவார்களா என்பதை மட்டும் முதலிலேயே பேசி வையுங்கள்.

மாடி கிடைக்காவிட்டால் சாரம் கட்ட வேண்டும். அதில் அசைவுதான் எதிரி. ப்ரொஜெக்டர் 0.1 டிகிரி திரும்பினால் 30 மீட்டர் தூரத்தில் படம் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஜன்னல் விளிம்போடு ஒட்டி வரைந்த கோடு 5 சென்டிமீட்டர் விலகினால் மொத்த மாயமும் கலைந்துபோகும். ப்ரொஜெக்டர் நிற்கும் சாரத்தில் வேறு எதையும் ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரைத் தொங்கவிடாதீர்கள், ஆபரேட்டரையும் அதன்மேல் உட்கார வைக்காதீர்கள். அடிப்பகுதியில் எடை வைத்து, இழுகம்பி கட்டி, மறுநாள் மறுபடி சரிபாருங்கள். பகல் வெயிலில் விரிந்த இரும்பு இரவில் சுருங்கும் என்பதால், சீரமைப்பை இருட்டி ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது.

ரொம்பப் பக்கத்திலிருந்து அகல லென்ஸில் போடுவதும் ஒரு வழி. ஆனால் சுவரில் துருத்தி நிற்கும் தூண், பால்கனி எல்லாம் அப்போது நீண்ட நிழலை விடும். தட்டையான சுவருக்குச் சரி, கோபுரத்துக்குச் சரிவராது.

4கே அவசியமா?

பெரும்பாலும் இல்லை. 20 மீட்டரைச் சாதாரண முழு எச்டி படத்தின் 1920 புள்ளிகளாகப் பிரித்தால் (4கேயில் அதைப் போல இரு மடங்கு) ஒரு புள்ளி சுமார் 10 மில்லிமீட்டர். சராசரிக் கண்ணுக்கு அது தனித்தனிப் புள்ளியாகத் தெரிவது 36 மீட்டருக்கு உள்ளேதான். பார்வையாளர்கள் அந்தத் தூரத்தைத் தாண்டி நிற்கிறார்கள் என்றால் 4கேக்குத் தரும் பணத்தை ஒளிக்குத் தாருங்கள். மக்கள் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிற படைப்பு என்றால் மட்டும் கணக்கு மாறும்.

மேப்பிங் எப்படிச் செய்கிறார்கள்?

மேப்பிங் என்பது படத்தைக் கட்டடத்தின் வடிவத்தோடு பொருத்துவது. முதலில் அளவு. ட்ரோன் அல்லது கேமராவில் எடுத்த நிறைய புகைப்படங்களிலிருந்தோ, லேசர் ஸ்கேன் எடுத்தோ கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை உருவாக்குவார்கள். சுவர் தட்டையாக இருந்தால் இவ்வளவு வேண்டாம். ப்ரொஜெக்டர் லென்ஸ் எங்கே வரப்போகிறதோ அதே புள்ளியிலிருந்து ஒரு நல்ல புகைப்படம் எடுத்து, அதன்மேல் வரைந்தாலே வேலை நடக்கும். அப்புறம் ஓர் இரவு கட்டமிட்ட படத்தைச் சுவரில் போட்டு, மூலைகளையும் ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பொருத்துவது. மேட்மேப்பர், ரெசொலூம் அரீனா, டச்டிசைனர் போன்ற மென்பொருள்கள் இதற்குப் போதும். பல ப்ரொஜெக்டர்கள் சேர்ந்து ஓடும் பெரிய வேலைகளில் டிஸ்கைஸ், வாட்ச்அவுட் போன்ற மீடியா சர்வர்கள், அதாவது படத்தைப் பல ப்ரொஜெக்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் கணினி அமைப்புகள், வரும்.

இரண்டு ப்ரொஜெக்டர்களைப் பக்கவாட்டில் இணைத்தால் படங்கள் 10 முதல் 20 சதவீதம் வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், அந்தப் பட்டையில் இரண்டின் ஒளியும் மெல்லக் குறைய வேண்டும். இதுதான் எட்ஜ் பிளெண்டிங். வெளிச்சக் காட்சிகளில் இணைப்பு தெரியாது. இருண்ட காட்சிகளில் அந்தப் பட்டையில் கறுப்பு இரட்டை மடங்கு வெளுத்து ஒரு தூண் போலத் தெரியும். கட்டடத்திலேயே ஒரு தூணோ மழைநீர்க் குழாயோ இருந்தால் இணைப்பை அங்கே வைத்துவிடுங்கள்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை: எச்டிஎம்ஐ பத்து, பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. 100 மீட்டர் வரை எச்டிபேஸ்டி (நெட்வொர்க் கேபிள் வழியாகப் படத்தை அனுப்பும் முறை), அதற்கு மேல் ஃபைபர். எப்போதும் ஒரு கேபிள் உபரியாக இழுத்து வையுங்கள், எலிக்கு எதைக் கடிப்பது என்ற பாகுபாடு கிடையாது.

மழை, வெயில், கடற்காற்று இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

ப்ரொஜெக்டர் உள்ளரங்கக் கருவி. வெளியே வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு வீடு கட்ட வேண்டும். பலரும் தண்ணீரை மட்டுமே நினைத்து, தார்பாயால் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். அப்போது அது வெப்பத்தால் நின்றுபோகும். 20,000 லூமன்ஸ் லேசர் கருவி சுமார் 2 கிலோவாட் மின்சாரம் இழுக்கும், அதில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே சூடாக இறங்கும். பெரும்பாலான கருவிகள் 40, 45 டிகிரி வரைதான் தாங்கும். மே மாதம் பகல் முழுக்க வெயிலில் நின்ற இரும்புப் பெட்டிக்குள் மாலை ஆறு மணிக்கு எவ்வளவு சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தால் தெரியும். வெள்ளை அடித்த பெட்டி, மேலே காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட இரண்டாவது கூரை, கீழே வடிகட்டி வழியாகக் காற்று உள்ளே, மேலே மழை புகாத திறப்பு வழியாக வெளியே. சில இரவுகள் மட்டும் நடக்கும் விழாவுக்கு இது போதும். ஆண்டு முழுக்க நிற்கும் நிறுவலுக்கு ஏசி வைத்த, ஐபி 65 அல்லது அதற்கு நெருக்கமான தரமுள்ள பெட்டி வேண்டும். ஐபிக்குப் பின் வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு.

பெட்டியின் முன் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் ஒளி திரும்பி லென்ஸுக்குள்ளேயே விழும். தை, மாசி மாதங்களில் பின்னிரவுப் பனி அந்தக் கண்ணாடியில் படியும். உள்ளே சின்ன ஹீட்டர் வைத்தோ கருவியை ஸ்டாண்ட்பையில் விட்டோ அதைத் தவிர்க்கலாம். மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் ஒளிக்கற்றை முழுக்க அதுதான் பறக்கும். எட்டுக்கால் பூச்சி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டினால் சுவரில் அது பூதாகரமான நிழலாக விழும். தினமும் மாலை துடைப்பதை யாராவது ஒருவருடைய வேலையாகப் பெயர் போட்டு எழுதிவையுங்கள். கடலோரத்தில் உப்பு, இணைப்பு முனைகளைச் சில மாதங்களிலேயே பச்சை பிடிக்க வைக்கும். அங்கே நிரந்தர நிறுவல் என்றால் பராமரிப்புச் செலவையும் முதலிலேயே ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சுவர் நனைந்தாலும் படம் மாறும். நனைந்த காரை கறுக்கும், மினுங்கும். தூறல் நின்றதும் நிகழ்ச்சியைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் சுவர் காயவும் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒலிக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

நிறைய வேண்டும். திறந்தவெளிக் கலையில் ஒலியை ஒப்பந்தக்காரரிடம் ஒரு வரியில் சொல்லி விட்டுவிடுவது என்னை வருத்தும் பழக்கம். வொடிச்கோவின் தாய்மார்கள் பேசியது பாதி கேட்காமல் போயிருந்தால் அந்தப் படைப்பில் என்ன மிஞ்சியிருக்கும்?

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. சுவருக்கு அருகே ஸ்பீக்கர் இருந்து, பார்வையாளர் 35 மீட்டர் தள்ளி நின்றால் உதடு அசைந்து 0.1 நொடி கழித்துத்தான் பேச்சு காதுக்கு வரும். அந்தத் தாமதத்தைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் ஒலி படத்தை முந்தினால் உடனே உறுத்தும். மீடியா சர்வரும் ப்ரொஜெக்டரும் படத்தைச் சில ஃபிரேம் தாமதிக்கும் என்பதால், பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒலி முந்துவதும் நடக்கும். இரண்டையும் இடத்திலேயே கைதட்டும் காட்சி ஒன்றைப் போட்டுச் சரி செய்ய வேண்டும்.

கூட்டம் ஆழமாக நிற்குமானால் முன்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றாதீர்கள். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும், பின்னால் இருப்பவருக்குக் கேட்க வைத்தால் முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார். நடுவே சின்ன ஸ்பீக்கர்களை வைத்து, தூரத்துக்கு ஏற்ப டிலே கொடுங்கள். கணக்குப்படி வரும் டிலேயோடு இன்னும் 10, 15 மில்லிநொடி கூட்டினால் குரல் சுவரிலிருந்தே வருவதாகக் காது நம்பும்.

சட்டமும் உண்டு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இடத்தின் எல்லையில் 75 டெசிபலையோ, அந்தப் பகுதிக்கு விதிக்கப்பட்ட ஒலி அளவைவிட 10 டெசிபல் கூடுதலையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் நல்ல ஒலி தர முடியும்.

மின்சாரம்?

மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பை விண்ணப்பித்து வாங்குங்கள், பக்கத்துக் கடையிலிருந்து வயர் இழுக்காதீர்கள். ப்ரொஜெக்டர், ஒலி, விளக்கு மூன்றையும் தனித்தனி ஃபேஸில் போடுங்கள். எர்த்திங்கும் கசிவு மின்சாரத்தில் துண்டிக்கும் பிரேக்கரும் இல்லாமல் ஒரு பிளக்கைக்கூடச் செருக வேண்டாம், மக்கள் வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பார்கள். மீடியா சர்வருக்கு யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டரைப் பார்வையாளர்களிடமிருந்து தள்ளி, அதன் புகையைக் காற்று அவர்கள் பக்கம் கொண்டுவராதபடி வையுங்கள்.

எந்த மாதத்தில் வைப்பது நல்லது?

பிரான்சின் லியோன் நகரில் டிசம்பர் 8ஐ ஒட்டி ஒளி விழா நடக்கிறது. 1852இல் மேரி சிலைத் திறப்பன்று மக்கள் ஜன்னல்களில் விளக்கேற்றி வைத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. அந்த மாதத்தில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விவிட் சிட்னியும் அந்த நாட்டின் குளிர்காலத் தொடக்கத்தில்தான் வருகிறது. ஜூனில் லியோனில் விழா வைத்தால் இரவு பத்து மணிக்கு மேல்தான் இருட்டும்.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. சென்னையில் ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது சுமார் 5.40க்கும் 6.40க்கும் நடுவே. அந்தி வெளிச்சமும் வேகமாகப் போய்விடும், மறைந்து முக்கால் மணி நேரத்தில் நல்ல இருட்டு. குழந்தைகள் தூங்கும் முன்பே நிகழ்ச்சி முடிந்துவிடும், இது பெரிய வரம். நம் நாட்காட்டியைத் தீர்மானிப்பது மழைதான். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை வானிலை அருமை.

ஆனால் அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. ஒன்றரை மாதம் கழித்துப் பொரிந்து வரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊரும். கடல் என்று நினைத்து சாலைக்கு வந்து சாகும். பெசன்ட் நகர், நீலாங்கரை போன்ற மணற்பரப்பை ஒட்டி ஜனவரி முதல் மே வரை ப்ரொஜெக்ஷன் வைக்காதீர்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. ஊருக்குள் எத்தனையோ சுவர்கள் இருக்கின்றன.

பறவைகளுக்கும் மனிதக் கண்ணுக்கும் ஆபத்து உண்டா?

நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 செனான் விளக்குகளை வானத்தை நோக்கி ஏற்றுகிறார்கள். ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 11 லட்சம் வலசைப் பறவைகள் அதனால் பாதிக்கப்பட்டதாகக் கணித்தது. விளக்கை அணைத்ததும் அவை கலைந்து போயின. அதனால் இப்போது ஒளிக்குள் பறவைகள் அதிகம் சேர்ந்தால் சுமார் 20 நிமிடம் அணைத்துவிடுகிறார்கள். நம் ப்ரொஜெக்டர் வானத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் கட்டடத்தின் உச்சியைத் தாண்டி வழியும் ஒளி பார்க்கும். படத்தின் விளிம்பைக் கட்டடத்துக்குள் அடக்குங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை, பெரிய லேசர் ப்ரொஜெக்டர்களின் கையேட்டில் ஒரு அபாயத் தூரம் எழுதியிருக்கும். அந்தத் தூரத்துக்குள் யாருடைய தலையும் ஒளிக்கற்றையில் வராதபடி உயரத்தில் ஏற்றவோ தடுப்பு போடவோ வேண்டும். மொட்டை மாடியில் வைத்தால் அதே மாடியில் விளையாடும் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இதைப் பார்க்கவென்று கிளம்பி வராமல், வழியில் போகிற ஒருவர் கண்ணிலும் இது படும். திரையரங்க வாசலில் ஒட்டும் எச்சரிக்கை இங்கே வேலை செய்யாது.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

கட்டட உரிமையாளர், உள்ளாட்சி, காவல்துறை, போக்குவரத்துப் பிரிவு, தீயணைப்பு. கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் இந்தியத் தொல்லியல் துறை அல்லது மாநிலத் தொல்லியல் துறை. கோயில் என்றால் அறநிலையத் துறையும் கோயில் நிர்வாகமும். விமான நிலையத்துக்கு அருகே வானத்தை நோக்கி ஒளி போகுமானால் அவர்களும். பழைய கட்டடத்தில் ஓர் ஆணிகூட அடிக்காமல், எதையும் ஒட்டாமல் வேலை செய்ய முடியும் என்பதுதான் ப்ரொஜெக்ஷனின் பெரிய பலம். விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். ஒரு சமூகத்தின் வழிபாட்டிடத்திலோ நினைவிடத்திலோ என்ன படம் விழப்போகிறது என்பதை அங்கே வாழ்பவர்களிடம் முன்கூட்டியே காட்டிப் பேசுவதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்யுங்கள்.

நாங்கள் மாணவர்கள், கையில் பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

சின்னச் சுவரில். கல்லூரியில் கிடக்கும் 5,000 லூமன்ஸ் ப்ரொஜெக்டரை 5 மீட்டர் அகலத்துக்குப் போட்டால், கால் பங்கு கழித்தும் 240 லக்ஸ் வரும். கியூபெக் குதிர்களில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்திருக்கக்கூடியதைவிட இது எத்தனையோ மடங்கு பிரகாசம். ஊருக்குள் ஒரு சந்து, வெளுத்த சுவர், எதிரே ஒரு மாடி, பேச ஒப்புக்கொள்ளும் தெருக்காரர்கள். இவை போதும். படத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்யலாம், ஒலிக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கரை வாடகைக்கு எடுக்கலாம்.

இடம் பார்க்க இரவில் போங்கள். லக்ஸ் மீட்டர், நீள டேப், கேமரா, ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து எழுதுங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். சுவரில் வெளிச்சம் போடும் ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தெருவிளக்குப் பிரிவில் கடிதம் கொடுக்கும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.